மூன்றாம் பாகம் வரை போகலாமா?

முப்பத்தாறு வருடம் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டிய ஒரு டிப்ளமாக்காரன் கார்ட்டூன் பற்றி எழுதுகிறானே என்று வாசக அன்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். விஷயம் கொஞ்சம் அவசரமானது.

நமது சங்கத்தில் இந்தக் கோடை விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமைகளில், தமிழ் வகுப்பு முடிந்த பிறகு, பிள்ளைகளுக்கு 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரைப் போட்டுக் காட்டினோம். முதல் பாகம் முடிந்தது. வகுப்புக்கு வராத பிள்ளைகள்கூட வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் பாகம் தொடங்கி நாலைந்து எபிசோடு ஆனதும் பெற்றோர் சிலர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "முதல் பாகம் மாதிரி இல்லை சார், தமாஷ் குறைந்துவிட்டது. ஒரே சண்டை, சிறை, சாவு. மூன்றாவதில் பெற்ற தகப்பனையே எதிர்த்துப் பேசுகிறானாம் ஒரு பையன். இத்தோடு நிறுத்திவிடலாமே" என்கிறார்கள். கமிட்டி இன்னும் முடிவெடுக்கவில்லை. மூன்று பாகங்களையும் பேத்தியோடு உட்கார்ந்து இரண்டு முறை பார்த்தவன் என்ற முறையில் என் கட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தொடர் 2005 பிப்ரவரியில் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கி 2008 ஜூலையில் முடிந்தது. உருவாக்கியவர்கள் மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியெட்ஸ்கோ என்ற இருவர். நீர், மண், நெருப்பு என்று மூன்று பாகம். 20, 20, 21 ஆக 61 எபிசோடு. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கானது என்பது அமெரிக்கத் தொலைக்காட்சி கொடுத்த தரம். கதை இதுதான். நீர், மண், நெருப்பு, காற்று என நாலு வகை மக்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சிலர் தத்தம் பூதத்தைக் கையசைவால் ஆள்வார்கள். நான்கையும் ஆளக்கூடியவன் ஒரு பிறவிக்கு ஒருவன்தான், அவன்தான் அவதார். அந்தப் பொறுப்பு ஆங் என்ற 12 வயதுப் பையன் தலையில் விழுகிறது. அவன் பயந்து ஓடி, பனிக்கட்டிக்குள் உறைந்துபோய், நூறு வருடம் கழித்து விழிக்கிறான். அதற்குள் நெருப்பு நாடு மற்ற நாடுகள் மீது படையெடுத்துவிட்டது. காற்று மக்களில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

முதல் பாகம் நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஊர் ஊராகப் போகிறார்கள், வாரம் ஒரு ஊர், ஊருக்கு ஒரு வம்பு. பறக்கும் எருமை ஒன்று வாகனம். அதன் பெயர் ஆப்பா. (எங்கள் வீட்டில் அதை 'அப்பா' என்றே சொல்வோம். இரண்டாம் பாகத்தில் பாலைவனத்தில் அதைத் திருடிக்கொண்டு போகும் இடத்தில் என் பேத்தி "அப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க!" என்று அலற, அடுப்படியிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.) ஆனால் தனியாகப் பார்த்தால் முதல் பாகத்தில் சில எபிசோடுகள் சரக்கு இல்லாத காலி வேகன்கள்தான். இரண்டு கூட்டத்தாரை ஒரு பெரிய பள்ளத்தாக்கு வழியாக அழைத்துப்போகும் பதினோராவது எபிசோடை விட்டுவிட்டால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மூன்றாம் பாகத்தில் தங்கள் கதையைத் தாங்களே நாடகமாகக் கேலி செய்துகொள்ளும்போது அவர்களும் அந்த இடத்தை நிற்காமல் தாண்டிவிடுகிறார்கள்!

என் வாதம் இதுதான்: முதல் பாகத்தில் விளையாட்டாக வைத்ததையெல்லாம் பின்னால் வரும் பாகங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஒன்றையும் மறப்பதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன், இது என் துறை சம்பந்தப்பட்டது.

ஒமாஷு என்று ஒரு மலை நகரம். முதல் பாகம், ஐந்தாவது எபிசோடு. மலை முழுக்கக் கல்லால் சறுக்குப் பாதைகள். மண்ணை ஆளும் ஆட்கள் தபால் பெட்டிகளை மேலே தள்ளுகிறார்கள். கீழே வருவது தன் பாரத்தில் தானே வருகிறது. எஞ்சின் கிடையாது, டீசல் கிடையாது. எங்கள் மார்ஷலிங் யார்டுகளில் ஹம்ப் என்ற மேட்டின் மீது வேகனைத் தள்ளி ஏற்றிக் கழற்றிவிட்டால், அது தானாக உருண்டு உரிய லைனுக்குப் போய்ச் சேரும். அதே தத்துவம். ஆனால் ஒமாஷுக்காரர்கள் பிரேக்குக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. மலைச்சரிவு செக்‌ஷன்களில் கட்டுமீறி வரும் வண்டியைத் திருப்பிவிட மேட்டை நோக்கி ஒரு கேட்ச் சைடிங் போடுவோம். அங்கே அது இல்லாததால் ஆங்கும் கூட்டாளிகளும் பெட்டியில் உட்கார்ந்து சறுக்கி வந்து ஒரு முட்டைக்கோஸ் வியாபாரியின் வண்டியை உடைக்கிறார்கள். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

இரண்டாம் பாகம், மூன்றாவது எபிசோடு. ஆங் அதே ஒமாஷுவுக்குத் திரும்பி வருகிறான். ஊர் விழுந்துவிட்டது. நெருப்பு நாட்டுக் கொடி பறக்கிறது, ஊர்ப் பெயரையே மாற்றிவிட்டார்கள், கிழட்டு ராஜா சிறையில். அதே சறுக்குப் பாதையில் ஆங் மறுபடியும் சறுக்குகிறான். இப்போது விளையாட்டு இல்லை. எதிரியின் மகள் அசுலா பின்னால் துரத்தி வருகிறாள். அதே பாதை, அதே சரிவு. எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தில் ஒரு பொடியன் மட்டும் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். முதல் பாகத்தைப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்தச் சிரிப்பு நிற்கும். இதைத்தான் பெற்றோர்கள் "தமாஷ் குறைந்துவிட்டது" என்கிறார்கள்.

இரண்டாம் பாகத்தில் வரும் டோஃப் என்ற பெண்ணுக்குக் கண் பார்வை கிடையாது. வெறும் பாதத்தால் தரையின் அதிர்வைக் கேட்டே எதிரில் எவன், எத்தனை பேர் என்று சொல்லிவிடுவாள். மற்றவர்களுக்கு இது மாயாஜாலம். எனக்கு இல்லை. எஞ்சினில் நின்றுகொண்டு ஃபுட்பிளேட் இன்ஸ்பெக்‌ஷன் போகும்போது எந்தக் கிலோமீட்டரில் ஜாயிண்ட் தாழ்ந்திருக்கிறது என்பதை முதலில் சொல்வது முழங்கால்தான், அளவுக்கருவி பிறகுதான். தினமும் சுத்தியலோடு லைனில் நடக்கும் கீமேன்கள், தட்டிய சத்தத்தை வைத்தே எங்கே இளகியிருக்கிறது என்பார்கள். இன்னொன்று: டோஃப் ஒரு இரும்புப் பெட்டியில் அடைபடுகிறாள். இரும்பை யாரும் ஆள முடியாது என்பது அந்த உலகத்துச் சட்டம். அவள் தட்டிப் பார்க்கிறாள், இரும்புக்குள் மிச்சமிருக்கும் மண்ணை உணர்கிறாள், பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறாள். தல்லி ராஜஹரா சுரங்கத்து மண்தான் பிலாயில் உருகித் தண்டவாளமாகிறது என்று தெரிந்தவனுக்கு இது கைதட்டத் தோன்றும் இடம்.

பா சிங் சே என்ற மதில் நகரம் இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி. அங்கே ரயில் ஓடுகிறது. கல் பெட்டிகள், உயரமான கல் பாதை, தள்ளுவது மண் வித்தைக்காரர்கள். அகதிகள் கீழ் வட்டத்தில், பணக்காரர்கள் மேல் வட்டத்தில். ஊருக்குள் யுத்தம் என்ற வார்த்தையை உச்சரிக்கக் கூடாது. ரகசியப் போலீஸ் இருக்கிறது. நூறு வருடமாக யுத்தம் நடப்பது ராஜாவுக்கே தெரியாது! வெளி மதிலைத் துளைக்க வந்த ராட்சத எந்திரத்தைக் காட்டி நம்பவைக்க அவரை ரயிலில் அழைத்துப்போகிறார்கள். ரயில் என்றால் இவ்வளவு பொதுஜனம் ஏறுமா என்று அவர் வியக்கிறார். சலூன் வண்டியிலேயே லைன் பார்த்த மேலதிகாரிகள் சிலர் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். சரி, அது வேறு கதை.

இப்போது அந்தத் தகப்பன் விஷயத்துக்கு வருகிறேன்.

நெருப்பு நாட்டு இளவரசன் ஜூக்கோ, வயது 16, முகத்தில் பாதி வெந்த தழும்பு. முதல் பாகத்தில் சதா கோபம், ஆங்கைப் பிடிக்கத் துரத்துவதே வேலை. பிள்ளைகளுக்கு அவன் வில்லன். பன்னிரண்டாவது எபிசோடில்தான் தழும்பின் கதை வருகிறது. 13 வயதில் யுத்த ஆலோசனைக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களைப் பலி கொடுக்கும் திட்டம் தவறு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அதற்குத் தண்டனையாகத் தகப்பனே அவனைச் சண்டைக்கு நிறுத்துகிறான். பையன் சண்டை போட மறுத்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். அந்த முகத்தைத்தான் சுடுகிறான் தகப்பன். பிறகு நாடு கடத்தல். அவதாரைப் பிடித்து வந்தால்தான் வீடு.

ஆக, இந்தத் தொடரிலேயே தகப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை இவன்தான். ஒன்றரைப் பாகத்துக்கு மேல் அவன் செய்வது அதைத்தான். இரண்டாம் பாகத்தின் கடைசியில் நல்ல வழி கண்ணெதிரே திறந்தும், தகப்பனின் மெச்சுதலுக்காக, தன்னை வளர்த்தவரையே காட்டிக்கொடுக்கிற பக்கம் போய் நிற்கிறான். அன்று என் பேத்தி சாப்பிடவில்லை.

வளர்த்தவர் ஐரோ. பிள்ளைகள் 'அங்கிள் ஐரோ' என்கிறார்கள். ஆங்கிலத்தில் மாமாவும் சித்தப்பாவும் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஐரோ அரசனுக்கு அண்ணன், ஜூக்கோவுக்குப் பெரியப்பா. பெரியப்பா என்று சொல்லிப் பார்த்தால் கதை வேறு மாதிரி கேட்கும். பட்டத்துக்கு உரிய மூத்தவர். பா சிங் சேயை 600 நாள் முற்றுகையிட்டு, அதில் தன் ஒரே மகனைப் பறிகொடுத்துத் திரும்பியவர். அந்த நேரம் பார்த்துத் தம்பி சிம்மாசனத்தில் ஏறிவிட்டான். பரதன் பாதுகையை வைத்து ஆண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தம்பியின் லட்சணம் உடனே புரிந்துவிடும். பெரியவரோ பதவிக்கு வருந்தாமல், டீ போட்டுக்கொண்டு, தம்பி மகன் பின்னாலேயே போகிறார். அவருக்கு முதல் இரண்டு பாகங்களிலும் குரல் கொடுத்தவர் மாக்கோ என்ற ஜப்பானிய அமெரிக்க நடிகர். 2006 ஜூலையில் காலமானார். பா சிங் சேயில் மகனின் நினைவாக ஐரோ தனியே மரத்தடியில் பாடும் எபிசோடை அவருக்கே சமர்ப்பித்திருக்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் கிரெக் பால்ட்வின் பேசுகிறார். வித்தியாசம் என் காதுக்குத் தெரிந்தது, பேத்திக்குத் தெரியவில்லை.

மூன்றாம் பாகத்தில் ஜூக்கோவுக்கு ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அரண்மனை, மரியாதை, தகப்பனின் பக்கத்தில் இடம். ஆனால் நிம்மதி இல்லை. சூரிய கிரகணத்தன்று நேரே தகப்பன் எதிரில் போய் நின்று, 13 வயதுப் பிள்ளைக்குச் செய்தது கொடுமை, இந்த யுத்தம் தவறு என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். பெற்றோர் ஆட்சேபிக்கும் காட்சி இதுதான். எதிர்த்துப் பேசுகிறான், உண்மைதான். அதைச் சொல்ல அவனுக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. சொன்ன பிறகு அவன் தேடிப்போவது யாரை? பெரியப்பாவை. இறுதிக்கட்டத்தில் ஐரோவின் கூடாரத்துக்குள் போகிறான். அவர் தூங்குகிறார். எழுப்பாமல் உட்கார்ந்து காத்திருக்கிறான். விழித்ததும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறான். கிழவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை, இழுத்து அணைத்துக்கொள்கிறார். பிள்ளைகள் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்ளும் என்று பயப்படும் அன்பர்கள் இந்தக் காட்சியையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். முதல் பாகத்தோடு நிறுத்தினால் பிள்ளைகள் மனதில் தங்கப்போவது முகம் வெந்த ஒரு கோபக்காரன் மட்டுமே.

முதல் பாகத்தை மட்டும் தனியே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றே இருக்கிறது. 2010இல் அதை ஒரு சினிமாவாக எடுத்தார் மனோஜ் நைட் சியாமளன். மாஹேயில் பிறந்தவர், தாயார் தமிழர். நம்மவர் என்று ஆசையோடு உட்கார்ந்தேன். இருபது எபிசோடை நூறு நிமிடச் சொச்சத்தில் அடைத்ததில் ஊர்களும் இல்லை, சிரிப்பும் இல்லை. விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அடுத்த இரண்டு பாகங்கள் படமாகவேயில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடரின் முடிவில் எனக்கு ஒரு பெரிய வருத்தம் உண்டு. கொடுங்கோலனைக் கொல்வதா கூடாதா என்று ஆங் தவிக்கிறான். அவன் காற்று மக்களின் துறவிகளிடம் வளர்ந்தவன், உயிர்வதை கூடாது என்பது அவர்கள் வழி. முன்பிறவி அவதார்கள் நால்வரைக் கேட்கிறான். அவன் கூட்டத்தைச் சேர்ந்த அம்மையார்கூட, உலகம்தான் முக்கியம், உன் மனத்தூய்மை பிறகு என்கிறார். அற்புதமான சிக்கல். அதைத் தீர்க்க, தீவளவு பெரிய ஒரு சிங்க ஆமை கடலில் வந்து, எதிரியின் சக்தியை மட்டும் பறிக்கும் புது வித்தையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. இரண்டாம் பாகத்து நூலகத்தில் அந்த ஆமை ஒரு கணம் படமாக வந்துபோகிறது, அது போதாது. அஸ்திவாரம் தோண்டாமல் கர்டரைத் தூக்கி வைத்த பாலம் மாதிரி. போதாக்குறைக்கு, அடைபட்டிருந்த அவதார் சக்தி முதுகில் ஒரு பாறை இடித்ததும் திறந்துகொள்கிறது! முதல் பாகத்தில் இப்படிச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இவ்வளவு கவனமாகக் கட்டியவர்கள் செய்ததால்தான் உறுத்துகிறது. பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப அவன் கொன்னிருக்கணுமா தாத்தா?" என்றாள். இரவு பதினொரு மணி வரை பேசினோம். தீர்வாகவில்லை.

கமிட்டிக்கு என் யோசனை: ஏழு வயதுக்குக் குறைந்தவர்களை முதல் பாகத்தோடு நிறுத்திவிடலாம். மற்றவர்களுக்குத் தொடரட்டும். தாயைக் கொன்றவனை கடாரா தேடிப்போகும் மூன்றாம் பாகத்தின் பதினாறாவது எபிசோடைப் பெற்றோர் கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அவள் அவனைக் கொல்லவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை, பிள்ளைகள் கட்டாயம் கேள்வி கேட்பார்கள். கடைசி நாலு எபிசோடையும் ஒரே ஞாயிறில் போட வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு டீ இடைவேளை விட்டால் போதும்.