இந்தக் கல் எந்தச் சுவரில் இருந்தது?

சென்னையில் பழைய தனி வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது, பல இடங்களில் இடிக்கும் கூலியை வீட்டுக்காரர் கொடுப்பதில்லை. இடிப்பவர்தான் வீட்டுக்காரருக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டுக் கடப்பாரையை எடுக்கிறார். தேக்கு உத்தரம், கதவு, சன்னல், இரும்புக் கம்பி எல்லாம் அவருக்கு வரும்படி. அந்த வரிசையில் கடைசியாக வருவது செங்கல்.

கழற்றிய கல் பழைய சாமான் கடைகளில் அடுக்கப்பட்டு, எண்ணிக்கைக் கணக்கிலோ லோடு கணக்கிலோ விலைபோகிறது. தோட்டத்து நடைபாதை, மதில், திண்ணை, பாத்திக் கரை என்று அதற்கு வேலை ஏராளம். வாங்குகிறவர் விலை கேட்கிறார், வண்டிச் சத்தம் பேசுகிறார். இது எந்த வீட்டுக் கல் என்று மட்டும் கேட்பதில்லை. கல்லின் தரமும், அதனால் வரக்கூடிய கெடுதியும், நாளைக்கு வழக்கு என்று போனால் வாங்கியவருக்குக் கிடைக்கும் பிடிமானமும் அந்த ஒரு கேள்வியைச் சார்ந்தவை.

பழைய கல்லை நாடுவதில் நியாயம் இருக்கிறது. புதுக் கல் என்பது யாரோ ஒருவர் நிலத்தின் மேல்மண். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைக் கண்டபடி தோண்டி நடந்த செங்கல் சூளைகள் மீது உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. அவை விட்டுச்சென்ற பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் குடியேறிக் கேரளம் முழுக்கக் கட்டிய லாரி பேக்கர், இடித்த வீடுகளின் கதவையும் சன்னலையும் தேடி வாங்கிப் பயன்படுத்தியவர். அவர் அதைச் சிக்கனமாக மட்டும் பார்க்கவில்லை, அழகாகவும் பார்த்தார்.

ஆனால் எல்லாப் பழைய கல்லும் திரும்பப் பயன்படாது. முதலில் பார்க்க வேண்டியது அதில் ஒட்டியிருக்கும் கலவை. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் கொத்துக் கரண்டியால் தட்டினாலே காரை உதிர்ந்து கல் முழுசாக வரும். தேக்கு உத்தரத்தின் மேல் சிறு கல்லைக் குறுக்காக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் பெரும்பாலும் இந்த வகை. சிமென்ட் கலவை அப்படி விடாது. கல்லை உடைத்துக்கொண்டுதான் வரும், வந்தாலும் ஒரு முகத்தில் படலமாக நிற்கும். அந்தப் படலம் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால், புதுக் கலவை அதில் சரியாகப் பிடிக்காது. சிமென்ட் ஒட்டிய கல்லை மலிவு என்று வாங்கினால், மிச்சமான பணம் சுத்தம் செய்யும் சித்தாள் கூலியிலேயே போய்விடும்.

இரண்டாவது, பலருக்குத் தெரியாத விஷயம். அந்தக் காலத்துக் கொத்தனார் நன்றாக வெந்த கல்லை மழை படும் வெளிமுகத்துக்கும், அரைவேக்காட்டுக் கல்லைப் பூச்சுக்குள் மறையும் உட்பக்கத்துக்கும் வைப்பது உண்டு. சுவரைச் சரித்ததும் இரண்டும் ஒரே குவியலாகிவிடும். எழுபது வருஷம் நின்ற சுவரின் கல் என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதில் பாதிக் கல் அத்தனை வருஷமும் மழையையே பார்க்காமல் இருந்திருக்கும்.

பிரித்தறிய வழி இருக்கிறது. இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. இது கொத்தனார் சோதனை. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1077 ஒரு எண்ணே தருகிறது: சாதாரண வகைச் செங்கல் 24 மணி நேரம் நீரில் ஊறினால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக்கூடாது. உலர்ந்தபோது 3 கிலோ உள்ள கல், மறுநாள் துடைத்து நிறுத்தால் 3.6 கிலோவைத் தாண்டக்கூடாது. சமையலறைத் தராசு போதும். குவியலின் மேலிருந்து மட்டும் எடுக்காமல், அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் பத்துக் கல்லாவது எடுத்துப் பார்க்க வேண்டும். தாங்கு சுவருக்கு என்றால் இது போதாது. அழுத்த வலிமையை ஆய்வகத்தில்தான் அளக்க முடியும். மிகத் தாழ்ந்த தரத்துக்கே சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் வேண்டும்.

உப்பு வேறு கதை. கழிவறை, மாட்டுத் தொழுவம், கடற்கரையோர வீடு ஆகியவற்றின் கல் உப்பைக் குடித்து வைத்திருக்கும். புதுச் சுவரில் ஏறியபின் ஈரம் பட்டுப் பட்டு வெள்ளையாகப் பூத்து, பூச்சைப் பொரிக்கும். கல்லை ஒரு தட்டில் ஓர் அங்குலத் தண்ணீரில் நிறுத்திக் காயவிட்டு, மறுபடி ஊற்றிக் காயவிட்டால் தெரிந்துவிடும். முகத்தில் பாதிக்கு மேல் வெள்ளை படிந்தால் அந்த லோடு வேண்டாம்.

தேறிய கல்லுக்கும் எல்லை உண்டு. நடைபாதை, பூந்தொட்டி மேடை, இடுப்பளவு மதில், தூண் விட்டம் போட்ட கட்டடத்தில் இடையை அடைக்கும் சுவர் ஆகியவற்றுக்குத் தாராளமாக வைக்கலாம். அஸ்திவாரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் வேண்டாம். உடைந்த கல்லும் வீணில்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மொட்டை மாடியில் தளம் போடுவது நம் ஊர் வழக்கம்தான்.

உடம்புக்கு வரும் கெடுதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரையைக் கொத்தும்போது, அதைவிடக் கட்டர் மிஷின் வைத்து அறுக்கும்போது, பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். வந்த பிறகு குணமாகாத நோய். கல்லை நனைத்துவிட்டு வேலை செய்வதும் என்-95 முகக்கவசமும் செலவு குறைந்த தடுப்பு. முந்தானையைச் சுற்றிக்கொண்டு சுத்தம் செய்யும் பெண்ணுக்கு அந்த முந்தானை எதையும் தடுக்காது. கவசம் வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு.

பெயின்ட் அடித்த கல்லில் இன்னொரு சந்தேகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் உதிரும் கல்லைக் கீரைப் பாத்திக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வைக்காமல் இருப்பது நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்த கிடங்கின் இடிபாட்டுக் கல்லையும் அப்படியே ஒதுக்கிவிடலாம்.

கல் யாருடையது என்பதும் கேட்க வேண்டியதே. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றுக்குப் பத்து, இருபது பங்காளிகள் இருப்பது சாதாரணம். ஒருவர் மட்டும் விற்றுவிட, மற்றவர் புகார் கொடுத்தால்? 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, பொதுவாக விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு காத்திருக்கிறது.

மண்மேட்டில் தோண்டும்போது வழக்கத்தைவிடப் பெரிய கல் வந்தால், அது மிகப் பழைய காலத்துக் கல்லாக இருக்கலாம்; அதைத் தொடவே கூடாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லாகூர் - முல்தான் ரயில் பாதைக்கு, பண்டைய நகரமான ஹரப்பா புதைந்திருந்த மேட்டின் செங்கல்லை அள்ளிப் போட்டார்கள். நாலாயிரம் வருஷத்துக் கல் ரயிலைத் தாங்கியது; ஆனால் நகரத்தின் ஒரு பகுதி ஆய்வாளர் கைக்கு வராமலே போனது. இன்று பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்திலிருந்து கல் எடுப்பது குற்றம். மற்ற இடத்தில் கிடைத்தாலும் வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்வதுதான் முறை.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் நேரடியாகவே பேசுகிறது. பழைய பொருளைப் புதியது என்று காட்டுவது அதன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. ஆகவே பழைய கல் என்று தெரிந்தே வாங்குகிறவர் பில்லில் மூன்று விவரம் எழுதி வாங்க வேண்டும்: எத்தனை கல், எந்த இடத்துக் கட்டடம், எந்த வேலைக்கென்று சொல்லி விற்றது. மூன்றாவதைக் கடைக்காரர் எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

புதுக் கல்லுக்குப் பணம் வாங்கிய மேஸ்திரி, பூச்சுக்குள் பழைய கல்லை மறைத்தால் அதுவும் இதே சட்டத்துக்குள் வரும். வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கிலேயே சொல்லிவிட்டது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான அடுக்ககம் என்றால், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை, சொன்ன 30 நாளுக்குள் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கெடு இரண்டு ஆண்டு. வழக்கு முடியும்வரை கோபத்தில் சுவரை இடித்துவிடக்கூடாது. மிச்சமிருக்கும் கல்லில் ஒரு டஜனையாவது பில்லோடு பத்திரப்படுத்த வேண்டும். குறையைச் சோதனை செய்தால்தான் தெரியும் என்ற நிலையில், அந்த மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.