மாடி ஒழுகுகிறது, மேஸ்திரி வரவில்லை! காண்டிராக்டரைத் தட்டிக் கேட்பது யார்?

திருவண்ணாமலை,

மாடிக்குத் தளம் போட்டாச்சு. பேசிய பணத்தையும் எண்ணிக் கொடுத்தாச்சு. ஐப்பசி பிறந்து முதல் மழை. நடுக்கூடத்தில் "சொட்... சொட்..."

வீட்டுக்கார அம்மாள் குண்டானை எடுத்து வைக்கிறார். அய்யா போனை எடுக்கிறார். மறுமுனையில் காண்டிராக்டர்: "சார், செங்கத்துல ஒரு வேலை சார். ரெண்டு நாள்ல வந்துடறேன்." அந்த ரெண்டு நாள் தீபாவளியைத் தாண்டும். கார்த்திகை தீபத்தையும் தாண்டும். பிறகு போனே எடுக்க மாட்டார்.

வீடுகள் புதிதாக எழும்பும் எந்த ஊரிலும் கேட்கிற கதைதான் இது. 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. இன்று கலெக்டர் அலுவலகமே இருக்கும் வேங்கிக்காலில் கேட்கச் சொல்ல வேண்டுமா? ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் வேலூர் ரோடு. இடையில் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள்.

போலீசுக்குப் போனால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பதுதான் வழக்கமான பதில். கோர்ட்டு என்றதும் பாதிப் பேர் பயந்து வேறு மேஸ்திரியைப் பிடித்து, மறுபடி செலவழித்து விடுகிறார்கள். முதல் மேஸ்திரி அடுத்த தெருவில் அடுத்த வீட்டுக்கு அட்வான்சு வாங்கிக் கொண்டிருப்பார்!

எந்த லைசென்சு?

"நான் லைசென்சு காண்டிராக்டர்" என்று சிலர் கார்டு நீட்டுவார்கள். அதை நன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் பொதுப்பணித்துறை போன்ற அரசு துறைகளில் டெண்டர் எடுப்பதற்கான பதிவாக இருக்கும். இத்தனை ரூபாய் வேலை வரை எடுக்கலாம் என்று வகுப்பு வாரியாகக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டு மாடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குப் பூச்சு பூசவோ, குளியலறையை இடித்துக் கட்டவோ மேஸ்திரிக்கு என்று தனி லைசென்சு கிடையாது. பிளானில் கையெழுத்துப் போடும் என்ஜினீயருக்குப் பதிவு உண்டு. கலவை போடுகிறவருக்கு இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. 1929-ல் ஏற்பட்டது. அங்கே வீட்டைச் சீரமைக்கும் காண்டிராக்டர் விளம்பரத்திலேயே லைசென்சு நம்பரைப் போட வேண்டும். அட்வான்சு மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. வேலை மோசம் என்று நிரூபணமானால் லைசென்சு சஸ்பெண்டு, இல்லாவிட்டால் ரத்து. நம்மூரில் பாதிப் பணத்தை முதல் நாளே கொடுத்து விட்டு, "எப்ப சார் வருவீங்க?" என்று நாம்தான் கும்பிடு போடுகிறோம்.

அரசு வேலையில் தப்பு நடந்தால் மட்டும் நடவடிக்கைக்கு வழி இருக்கிறது. காண்டிராக்டரைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கலாம். அதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்ய முடியாது. அவர் தரப்பைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1974-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நியாயம்தானே!

தொட்டாலே உதிர்ந்த சுவர்

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. குடியேறிய ஏழை ஜனங்கள் கையால் தொட்டாலே சுவர்ப் பூச்சு மாவாக உதிர்ந்தது. படம் வெளியானதும் பரபரப்பு ஏற்பட்டது. சட்டசபையில் கேள்வி எழுந்தது. வாரிய என்ஜினீயர்கள் 2 பேர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். கட்டிடத்தின் தரத்தைச் சோதிக்க சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் அமர்த்தப்பட்டார்கள்.

அங்கே கேட்க நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. வேங்கிக்காலில் தனி வீட்டுக்காரர் ஒருவர் ஒற்றை ஆளாக என்ன செய்வார்?

லக்னோ குப்தாவின் வழக்கு

அவருக்குக் கைகொடுக்கும் தீர்ப்பு லக்னோவில் இருந்து வந்தது. எம்.கே.குப்தா என்பவருக்கு லக்னோ வளர்ச்சி ஆணையம் ஒரு வீட்டை ஒதுக்கியது. 1988-ல் பணம் கட்டியாச்சு, பத்திரமும் பதிந்தாச்சு. வீடு மட்டும் கைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் வேலை அரைகுறை! மனிதர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். "வீடு கட்டுவது சேவையே அல்ல, எங்களை இந்தச் சட்டத்தில் இழுக்க முடியாது" என்று ஆணையம் சுப்ரீம் கோர்ட்டு வரை வாதாடியது.

1993 நவம்பர் 5-ந் தேதி தீர்ப்பு வந்தது. கட்டுமானமும் சேவைதான், கட்டுவது அரசு ஆணையமானாலும் சரி, தனியார் காண்டிராக்டரானாலும் சரி, மட்டமான பொருளைப் போட்டாலும், சொன்னபடி கட்டாவிட்டாலும் அது சேவைக் குறைபாடுதான் என்று நீதிபதிகள் கூறினார்கள். அதோடு விடவில்லை. குப்தாவை அலைக்கழித்ததற்கான 10 ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈட்டை, அதற்குக் காரணமான அதிகாரிகள் யார் என்று 6 மாதத்துக்குள் கண்டுபிடித்து அவர்கள் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார்கள். அரசாங்கப் பணத்தில் அல்ல, சொந்தச் சம்பளத்தில்!

இப்போது அமலில் இருப்பது 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டும் வேலை அதிலும் சேவை என்றே எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. காண்டிராக்டர் எந்த ஊரானாலும், புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். உத்தரவு வந்த பிறகும் டிமிக்கி கொடுத்தால் ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில் உண்டு. 25 ஆயிரத்துக்குக் குறையாமல் அபராதமும் போடலாம்.

பிளாட் வாங்கியவர்களுக்கு ரியல் எஸ்டேட் சட்டம் தனியாக இருக்கிறது. 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து புகார் சொன்னால், விற்றவர் 30 நாளில் தன் செலவில் சரி செய்ய வேண்டும். சொந்த வீட்டு ரிப்பேருக்கு அது பொருந்தாது.

"உங்க சிமெண்டு சரியில்லை!"

வழக்கு என்று வந்தால் காண்டிராக்டர் முதலில் பிடிப்பது இந்தக் கிளையைத்தான். பொருள் வீட்டுக்காரருடையது, கூலி மட்டும் மேஸ்திரிக்கு என்று பேசும் லேபர் காண்டிராக்டில் சண்டை அதிகம். "நீங்க வாங்கிக் குடுத்த சிமெண்டு பழசு. எம்.சாண்டுன்னு சொல்லி டஸ்ட்டை இறக்கிட்டான். நான் என்ன சார் பண்ணுவேன்?" என்பார்.

அதில் உண்மையும் இருக்கலாம். மூன்று மாதம் மூலையில் கிடந்த மூட்டை சிமெண்டுக்குப் பழைய பலம் இருக்காது. "மூட்டையை ஏன்யா இப்படிக் கரைக்கிற?" என்று மேஸ்திரியை விரட்டிய வீட்டுக்காரர்களும் உண்டு. ஆனால் மாடியில் தண்ணி வாட்டம் சரியாகக் கொடுக்காதது யார்? தட்டோடு இடுக்கை நிரப்பாமல் விட்டது யார்? இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசியது யார்? பூசிய சுவருக்கு ஒரு வாரமாவது தண்ணீர் அடிக்க வேண்டும். இரண்டே நாளில் பெயிண்டரை இறக்கியது யார்? இதையெல்லாம் ஒரு என்ஜினீயர் வந்து தட்டிப் பார்த்தால் தெரிந்து விடும். அப்படி ஒருவரை அனுப்பி அறிக்கை கேட்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆகவே ஒழுகியதும் உடைத்துப் புதிதாகப் பூசி விடாதீர்கள். முதலில் படம் எடுங்கள். என்ஜினீயரிடம் எழுத்தில் வாங்குங்கள். காண்டிராக்டருக்கு ஸ்பீடு போஸ்டில் நோட்டீசு அனுப்புங்கள். பணம் கொடுத்ததற்குச் சீட்டு வேண்டும். போனில் பணம் அனுப்பியிருந்தால் நல்லதாகப் போச்சு, பேங்க் கணக்கே சாட்சி.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நாள் கூலிக்கு ஆள் வைத்து, வீட்டுக்காரரே எதிரில் நின்று இப்படிப் பூசு, அப்படிப் பூசு என்று வேலை வாங்கியிருந்தால் கதை வேறு. அது எஜமான்-வேலையாள் உறவு, சட்டம் சொல்லும் சேவையில் அது வராது என்று எதிர்த்தரப்பு வாதாடும். வேலை இது, தொகை இது, முடிக்கும் நாள் இது என்று பத்திரத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வாதம் எடுபடாது.

கெடு 2 வருடம்

புகார் செய்யக் கெடு 2 வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். மன்னித்தே ஆக வேண்டும் என்று இல்லை. 2024 டிசம்பர் 1-ந் தேதி பெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலை சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் பலியானார்கள். அன்று ராத்திரிதான் புதுத் தளம் ஒழுகியது முதன்முதலில் தெரிந்தது என்றால், அந்த வீட்டுக்காரருக்குக் கெடு 2026 டிசம்பர் 1-ந் தேதியோடு முடிகிறது.