மலையை வெட்டிய செய்யாமை

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், மின் ஆறு மலையைவிட்டு இறங்கும் இடம் ஒரு காலத்தில் ஊருக்கே அச்சம். மலைச் சரிவில் கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு வரும் ஆறு, செங்து சமவெளியைத் தொட்டதும் வேகம் தளர்ந்து சுமையை அங்கேயே இறக்கிவிடும். படுகை மேடாகும், அடுத்த வெள்ளம் கரையை உடைக்கும். ஒரு பக்கம் ஊர்கள் மூழ்க, குறுக்கே நின்ற யூலெய் மலையால் மறுபக்கம் வயல்கள் காய்ந்து கிடந்தன. கி.மு. 256 வாக்கில் அந்தப் பகுதிக்கு சின் அரசின் ஆளுநராக இருந்தவர் லி பிங். அவர் அமைத்த பாசனத் திட்டத்துக்கு இன்றைய பெயர் துஜியாங்யான். ஆற்றை மறித்து அவர் அணை எழுப்பவில்லை. ஆனாலும் 2,200 ஆண்டுகள் கடந்து, இன்று 6 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது.

பக்கத்திலேயே சிங்செங் மலை இருக்கிறது. தாவோ சமயம் வேர்பிடித்த இடங்களில் ஒன்று அது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்த மலையையும் இந்தப் பாசன அமைப்பையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லி பிங் தாவோவைப் பின்பற்றியவர் என்பதற்குச் சான்று இல்லை. அவர் வேலை பார்த்த சின் அரசு கடுஞ்சட்டத்தையும் தண்டனையையும் நம்பிய அரசு. ஆனால் பின்னாளில் ஆற்றங்கரையில் அவருக்குக் கோயில் எழுந்தது. அந்தக் கோயிலை இன்றும் நடத்துபவர்கள் தாவோ சமயத்தார். அவரை அவர்கள் தம்மவராகச் சேர்த்துக்கொண்டதன் காரணம், ஆறு அங்கே எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால் விளங்கும்.

தேநீரும் ஆற்று வளைவும்

1926இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்பது அதன் கேள்வி. பதிலை அவர் தேநீர்க் கோப்பையிலிருந்து தொடங்கினார். தேயிலை கிடக்கும் தேநீரைக் கரண்டியால் கலக்கிவிட்டால், சுழற்சியில் இலைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட வேண்டும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு: அவை அடியில், நடுவில் வந்து குவிகின்றன. சுழலும் நீர் ஓரத்தை நோக்கித் தள்ளுவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. கோப்பையின் அடியை ஒட்டிய நீரோ உராய்வால் வேகம் இழந்திருக்கிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க அதற்குத் தெம்பில்லை. எனவே அடிநீர் நடுவை நோக்கி நகர்கிறது, மேல்நீர் ஓரத்துக்குப் போகிறது. இலைகள் அடிநீரோடு போய்ச் சேருகின்றன.

ஆற்று வளைவிலும் இதுதான் நிகழ்கிறது. தெளிந்த மேல்நீர் வளைவின் வெளிக்கரைக்கு ஒதுங்கும். மணலும் கூழாங்கல்லும் கலந்த அடிநீர் உட்கரைக்கு ஒதுங்கும். அதனால்தான் வெளிக்கரை அரிக்கப்படுகிறது, உட்கரையில் மணல் திட்டு வளர்கிறது.

லி பிங்குக்கு அழுத்தச் சமன்பாடு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் வளைவில் ஆறு என்ன செய்கிறது என்பதை அவரும் அவருடைய ஆட்களும் பார்த்திருக்கிறார்கள். ஆற்றின் நடுவே, வளைவு தொடங்கும் இடத்தில், மீனின் வாய்போல் கூர்ந்த ஒரு திட்டை அமைத்தார்கள். அது ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது. பாசனத்துக்குப் போகும் கிளை குறுகலானது, ஆழமானது. வளைவின் வெளிப்பக்கத்தில் இருப்பதால் தெளிந்த நீர் அதற்குக் கிடைக்கிறது. வண்டலில் பெரும்பகுதி அகலமான மற்றொரு கிளையில் இறங்கி, ஆற்றின் பழைய போக்கிலேயே போய்விடுகிறது. நீர் குறைந்த காலத்தில் ஆழமான கிளை ஏறத்தாழ 60 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும். வெள்ளக் காலத்தில் நீர்மட்டம் ஏறி அகலமான கிளை நிரம்பும்போது, பாசனக் கிளையின் பங்கு 40 சதவீதமாகக் குறையும். திறந்து மூட ஆள் தேவைப்படாத வடிவமைப்பு அது. தேவைப்படும்போது கூடுகிறது, ஆபத்தானபோது குறைகிறது.

அதற்கும் மேலே வரும் நீரை என்ன செய்வது? யூலெய் மலையை வெட்டி சுமார் 20 மீட்டர் அகலத்தில் ஒரு வாய் திறந்தார்கள். வெடிமருந்து இல்லாத காலம். பாறையைத் தீயிட்டுச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இந்தக் குறுகிய வாய்க்குள் ஓர் அளவுக்கு மேல் நீர் நுழையாது. மிஞ்சியது அதன் முன்னே தேங்கிச் சுழலும். சுழலுக்குப் பக்கத்திலேயே தாழ்வான ஒரு கலிங்கு வைத்தார்கள். மிகைநீர் அதன்மேல் வழிந்து வெளியேறும்போது, சுழல் கிளப்பிய மணலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு போகிறது. வெள்ளம் பெரிதானால் சுழலும் பெரிது, தள்ளப்படும் கல்லும் அதிகம். தூர்வாரும் வேலையில் பெரும்பங்கை வெள்ளத்திடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

மூங்கில் ஏடுகளில் தாவோ

லி பிங் வாழ்ந்த நூற்றாண்டில் ஒரு நூல் கைமாறிக்கொண்டிருந்தது. லாவோ ட்சு எழுதியதாகச் சொல்லப்படும் ‘தாவோ தே ஜிங்’ அது. தமிழில் இதைக் கவிஞர் சி. மணி மொழிபெயர்த்திருக்கிறார். லாவோ ட்சு என்று ஒருவர் இருந்தாரா, பலருடைய சொற்கள் ஒரு பெயரில் சேர்ந்தனவா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நூல் பழையது என்பதில் மட்டும் ஐயம் கிடையாது. 1973இல் ஹுனான் மாகாணத்தின் மாவாங்துவி என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய இரண்டு பிரதிகள் கிடைத்தன. 1993இல் ஹூபே மாகாணத்தின் குவோதியனில், கி.மு. 300 அளவிலான கல்லறையிலிருந்து இன்னும் பழைய மூங்கில் ஏடுகள் வெளிவந்தன. அந்த ஏடுகளோடு, அதுவரை யாரும் அறியாத ஒரு சிறு படைப்பும் இருந்தது. ஆதியான ‘பேரொன்று’ முதலில் நீரைப் பிறப்பித்தது என்று தொடங்கி, வானமும் பூமியும் உண்டான வரிசையை அது சொல்கிறது.

இந்த நூல் பிறந்தது போரிடும் அரசுகளின் காலத்தில். ஏழு பெரிய அரசுகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்தன. வரி, படைதிரட்டல், புதுப்புதுச் சட்டம் என்று அரசர்களின் கை எல்லாவற்றிலும் நீண்டது. அறிவுரை சொன்னவர்கள் பெரும்பாலும் இன்னும் என்ன செய்யலாம் என்று சொன்னார்கள். லாவோ ட்சு மரபு எதை விடலாம் என்று கேட்டது.

தாவோ என்பது உலகம் தானாக நடக்கும் போக்கு. ஆணையிடும் கடவுள் அதில் இல்லை, அதைப் படைத்தவர் என்றும் ஒருவர் இல்லை. அந்தப் போக்கு ஒவ்வொரு பொருளிலும் அதனதன் இயல்பாக, அதனதன் ஆற்றலாகத் தங்கியிருப்பது தே. வளைவில் வண்டலை உட்கரைக்குத் தள்ளுவது மின் ஆற்றின் தே என்று சொன்னால் தவறில்லை. மனிதரிடம் வரும்போது தே நற்பண்பு என்ற பொருளையும் பெறுகிறது. கன்பூசியஸ் மரபினர் அதைச் சடங்காலும் கல்வியாலும் வளர்க்க வேண்டும் என்றார்கள். தாவோ மரபினருக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது: தன் நல்ல குணத்தைத் தானே அடிக்கடி எடுத்துப் பார்ப்பவரிடம் அது தேய்ந்துபோகும். ‘செய்யாமை’ என்று பொருள்படும் வூ வேய் இந்த இரண்டிலிருந்தும் வருகிறது. பொருளின் இயல்புக்கு எதிராக வலிந்து எதையும் செய்யாதிருப்பது, செய்வதை அந்த இயல்பின் வழியே செய்வது என்று அதை விளக்கலாம்.

கவனித்தால் தடுமாறும் கால்

வூ வேய் மனிதரிடம் எப்படி வெளிப்படும் என்பதற்கு, கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த தாவோ சிந்தனையாளர் சுவாங் ட்சு கதைகள் வைத்திருக்கிறார். ஒன்றில் ஒரு சமையல்காரர் அரசர் முன்னால் எருதை அறுத்துக் கூறுபோடுகிறார். மற்றவர்கள் மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு கத்தி மாற்றும்போது, அவருடைய கத்தி 19 ஆண்டுகளாக மழுங்கவில்லை. எலும்பை வெட்டாமல் மூட்டுகளின் இடைவெளியில் கத்தியை விடுவதுதான் அவர் வித்தை. பலரும் மறந்துவிடும் ஒரு பகுதி இந்தக் கதையில் உண்டு: சிக்கலான மூட்டு வந்ததும் அவர் நின்றுவிடுகிறார், பார்வை கூர்மையாகிறது, கை மெதுவாகிறது. இலகுவாக வேலை செய்வதற்கும் கவனமில்லாமல் செய்வதற்கும் உள்ள தூரத்தை சுவாங் ட்சு அங்கே வைத்திருக்கிறார்.

இதை இன்றைய உளவியலாளர்கள் சோதனைக்கூடத்தில் தொட்டிருக்கிறார்கள். சியான் பைலாக்கும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கால்பந்து வீரர்கள் பந்தை உருட்டியபடி தடைகளுக்கு இடையே வளைந்து ஓடினார்கள். காலின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனித்துக்கொண்டே ஓடச் சொன்னபோது, தேர்ந்த வீரர்கள் வழக்கமான வலது காலில் வேகம் குறைந்து தடுமாறினார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கோ அதே கவனம் உதவியது. படிப்படியாகக் கவனித்துக் கற்றுக்கொண்டது உடம்பில் ஊறிய பிறகு, அறிவு அதில் மறுபடி தலையிட்டால் சேர்ந்தோடும் அசைவு துண்டு துண்டாக உடைந்துவிடுகிறது.

2008இல் சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் ஜாஸ் பியானோ கலைஞர்கள் 6 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமான இசையை விட்டுக் கற்பனையாக வாசிக்கத் தொடங்கியதும், தன் செயலைத் தானே கண்காணித்துத் திருத்துவதோடு தொடர்புள்ள முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதிகளில் செயல்பாடு தணிந்தது. 6 பேரை வைத்து எல்லாருடைய மூளையையும் பற்றி முடிவுகட்ட முடியாது. கண்காணிப்பாளர் சற்று ஒதுங்கினால்தான் சில காரியங்கள் நடக்கும் என்ற பழைய எண்ணத்துக்கு மூளைக்குள் ஓர் இடம் தேடிப் பார்க்கலாம் என்ற துணிவை அந்த ஆய்வு தந்தது.

முயலாமல் இருக்க முயல்வது

அப்படியானால் கண்காணிப்பை அடக்க முயல வேண்டியதுதானே? சிக்கலே அங்கேதான். 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார்; நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று பார்க்கவே அதை நினைத்தாக வேண்டியிருக்கிறது. வூ வேய்க்கும் இதே கதிதான்: முயலாமல் இருக்க முயல்வதும் ஒரு முயற்சி. சீனச் சிந்தனை மரபை ஆராய்ந்த எட்வர்ட் ஸ்லிங்கர்லேண்ட், பழஞ்சீனத் தத்துவத்தின் பெரும்பகுதியே இந்த முரணைச் சுற்றிச் சுழல்கிறது என்று வாதிடுகிறார்.

முரணுக்கு விடை துஜியாங்யானின் பராமரிப்பு முறையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நீர் வற்றும் குளிர்காலத்தில், மரக்கால்களைக் கட்டி நிறுத்திய தடுப்புகளால் ஒவ்வொரு கிளையாக ஒதுக்கிவிட்டு, ஊர் மக்கள் படுகையில் இறங்கித் தூர்வாரிவந்தார்கள். எவ்வளவு ஆழம் என்பதற்கு அளவு உண்டு: படுகைக்கு அடியில் புதைத்துவைத்த இரும்புத் தண்டுகள் கண்ணில் படும்வரை தோண்ட வேண்டும். கூடவே இன்னொரு விதி: கலிங்கை உயர்த்தவே கூடாது. உயர்த்தினால் இந்த ஆண்டு கூடுதல் நீர் கிடைக்கும், அடுத்த வெள்ளத்தில் வாய்க்கால் மணலால் அடைபடும். மூங்கில் கூடையில் கல் நிரப்பி அடுக்கிய கரை ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்பட்டது. இந்த ஓயாத வேலையிலிருந்து தப்பிக்க, யுவான் ஆட்சியில் மீன்வாய்த் திட்டுக்கு இரும்பில் ஆமை வார்த்து வைத்தார்கள், மிங் ஆட்சியில் இரும்பு எருதுகள். இரண்டையும் ஆறு அரித்து விழுங்கியது. மூங்கில் கூடைகள் திரும்பி வந்தன. சிமென்ட் வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

முயற்சி இங்கே ஒழிந்துபோகவில்லை, அதன் காலம் மாறியிருக்கிறது. வெள்ளத்தின் நடுவில் யாரும் ஆற்றோடு மல்லுக்கட்டுவதில்லை, ஏனென்றால் மல்லுக்கட்டாமல் இருப்பதற்கான உழைப்பு வறண்ட படுகையில் முன்பே முடிந்துவிட்டது. சமையல்காரரின் கத்திக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான எருதுகள் இருக்கின்றன. பியானோக் கலைஞரின் இலகுவான விரல்களுக்குப் பின்னால் சலிப்பூட்டும் பயிற்சி இருக்கிறது. மேடையில் தன்னை மறக்க முயல்பவருக்கு அது கைகூடாது. பயிற்சியில் முயன்றவர் மேடையில் முயல வேண்டியதில்லை.

இதற்கு எதிர்வாதமும் சீனாவுக்குள்ளேயே எழுந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் சிந்தனையாளர் சுன் ட்சு, சுவாங் ட்சுவைப் பற்றி ஒரு குறை சொன்னார்: இயற்கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் மனிதரைப் பார்க்கத் தவறிவிட்டார். நியாயமான குறைதான். ஆற்றை அதன் போக்கிலேயே விட்டிருந்தால் செங்து சமவெளி ஆண்டுதோறும் மூழ்கியிருக்கும். யாரோ ஒருவர் மலையை வெட்ட முடிவெடுத்தார். அந்த முடிவைச் செய்யாமை என்று அழைப்பது சொல்லை வளைப்பதாகும். ஆனால் வெட்டிய பிறகு, கலிங்கை ஒரு முழம் உயர்த்தலாமே என்ற ஆசை ஒவ்வொரு தலைமுறைக்கும் வந்திருக்கும்; அதற்கு இடம்கொடாமல் கைகட்டி நிற்பதை விதியாக்கியதால்தான் அமைப்பு இன்றும் ஓடுகிறது. மலையை வெட்டத் துணிவதற்கு சுன் ட்சு வேண்டும், வெட்டியதோடு நிறுத்திக்கொள்வதற்கு லாவோ ட்சு வேண்டும். அரசுகளும் பொறியாளர்களும் முதல் பாடத்தை எளிதில் கற்றுவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள்.