ஒன்பதும் நான்கும் பத்தரை!

பிள்ளைகளே, ஒரு கணக்கு வாத்தியார் தப்பாகக் கணக்குப் போட்ட கதை சொல்லட்டுமா? அந்த வாத்தியார் நான்தான்!

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன். ஐந்தாம் வகுப்பு. அவன் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வருகிறார். "ராத்திரி 9 மணிக்கு விமானம், 4 மணி நேரப் பயணம்" என்று போனில் சொல்லியிருந்தார்.

"தாத்தா, அப்பா எத்தனை மணிக்குத் திருச்சியில் இறங்குவார்?" என்று பையன் ஓடி வந்தான். இது என்ன பிரமாதம்! ஒன்பதும் நான்கும் பதிமூன்று. "இரவு 1 மணி" என்றேன்.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேதான் இருக்கிறது. கீரனூர், மாத்தூர் தாண்டினால் வந்துவிடும். எங்கள் ஊரிலிருந்து 50 கி.மீ. கூட இல்லை. ஆகவே பதினொன்றரைக்கு மேல் நிதானமாகக் காரில் கிளம்பினார்கள். போய்ப் பார்த்தால், அப்பா பெட்டியோடு வாசலில் நிற்கிறார்! விமானம் பத்தரைக்கே இறங்கிவிட்டதாம்.

நான் மறந்தது கடிகாரத்தை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அங்கே 9 மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. அதோடு நான்கைக் கூட்டினால் பத்தரை!

விடுமுறை முடிந்து அப்பா திரும்பும்போது பையன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். இரவு 1 மணிக்குப் புறப்பாடு, காலை ஏழரைக்குச் சிங்கப்பூர். "வரும்போது ஒன்றரை மணி, போகும்போது ஆறரை மணி. அப்பாவைக் கொண்டுபோகும்போது மட்டும் விமானம் மெதுவாகப் போகுமா தாத்தா?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

இந்தத் தடவை காகிதத்தில் எழுதியே காட்டினேன். ஆறரையையும் ஒன்றரையையும் கூட்டினால் 8. அதில் பாதி 4, அதுதான் பயண நேரம். ஆறரையில் ஒன்றரை போனால் 5. அதில் பாதி இரண்டரை, அதுதான் கடிகார வித்தியாசம். இரண்டு டிக்கெட் இருந்தால் போதும், இரண்டு விடையும் கிடைத்துவிடும்!

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. ஜெட் விமானம் உயரே மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணிதானே வருகிறது? மீதி நேரம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், மேலே ஏறுவதிலும், வேகம் குறைத்து இறங்குவதிலும் போய்விடுகிறது.

காற்றும் சில நிமிடங்களைக் கூட்டும், குறைக்கும். ஆடி மாதம் நம் ஊரில் மேற்கேயிருந்து காற்று வீசுகிறது அல்லவா? அதே மாதத்தில் விமானம் பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கேயிருந்து வீசும்! அப்போது சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு எதிர்காற்று, வருகிற விமானத்துக்குப் பின்காற்று.

இன்னொரு வேடிக்கை. சூரியனை வைத்துக் கணக்கிட்டால் நமக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்றே முக்கால் மணி வித்தியாசம்கூட வராது. அவர்கள் 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்திக்கொண்டார்கள். அதனால் அங்கே சூரியன் உதிக்கவே காலை 7 மணி ஆகிவிடும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. திருச்சியில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்குகிறது. துபாயில் மாலை 5 மணிக்குக் கிளம்புவது திருச்சிக்கு இரவு பத்தரைக்கு வருகிறது. பயணம் எத்தனை மணி நேரம்? யாருடைய கடிகாரம் எவ்வளவு முந்தி ஓடுகிறது?