கல்லாப் பெட்டிக்கு வந்த புதுத் துணை



நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். கைப்பேசியில் பணம் வாங்க என் மகன் தொடங்கியபோது, "கையில் தொடாத பணம் காசாகுமா?" என்று கடிந்துகொண்டேன். பிறகு, வளரும் நாடுகள் இதை எப்படிச் செய்தன என்று விசாரித்தேன். அறிந்ததை எழுதுகிறேன்.

கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் 'எம்-பெசா'வைத் தொடங்கியது. அங்கே பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. சாதாரண கைப்பேசி இருந்தது. எனவே தெருமுனைக் கடைகளையே முகவர்களாக்கினார்கள். நகரத்தில் வேலை செய்பவர் ஒரு கடையில் ரொக்கம் கட்டி அனுப்புவார். ஊரில் உள்ள குடும்பம் அங்குள்ள கடையில் பெற்றுக்கொள்ளும். கடைக்காரருக்குக் கமிஷன் உண்டு.

பிரேசிலில் 2020 நவம்பரில் மத்திய வங்கியே 'பிக்ஸ்' முறையைத் தொடங்கி, பெரிய வங்கிகள் கட்டாயம் சேர வேண்டும் என்றது. நம் நாட்டில் 2016இல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் யுபிஐ முறையைக் கொண்டுவந்தது. எந்த வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் பணம் வந்தாலும், வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் அரசு விதித்தது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் லாபத்தில் அரிசி, சர்க்கரை விற்கும் நமக்கு இதுதான் உயிர்நாடி. நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்தாலும் பாதி லாபம் போய்விடும்.

மூன்று நாடுகளும் மூன்று வழியில் சென்றன. ஆனால் சிறு கடைக்காரர் ஏற்றுக்கொண்ட பிறகே எதுவும் தெருவுக்கு வந்தது. இதை நாம் உணர வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். ஒருமுறை ஒருவர், பணம் அனுப்பியாயிற்று என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு, இரண்டு மூட்டை சர்க்கரையை ஏற்றிச் சென்றார். மாலையில் கணக்குப் பார்த்தால் வரவே இல்லை. படத்தை நம்பியது என் தவறு.

ஆகவே, நம் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பின்பே சரக்கைக் கொடுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை; கேட்பவர் மோசடிக்காரர். கடையில் ஒட்டியுள்ள கியூஆர் அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். கைப்பேசி வரவையும் ரொக்க வரவையும் தனித்தனியே பேரேட்டில் எழுதி, அன்றன்றே நேர்செய்யுங்கள்.

கட்டணம் விதிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் நம் சங்கம் ஒரே குரலில் மறுக்க வேண்டும். புதுமையை நாம் ஏற்றுக்கொண்டோம். அதன் செலவை மட்டும் நம் தலையில் கட்டக் கூடாது.