விடை சரியா, வேகம் சரியா?

இரண்டு சமன்பாடுகளும் இரண்டு தெரியாக் கணியங்களும் கொடுக்கப்பட்டால் அவற்றைத் தீர்க்கும் வழியைப் பள்ளியிலேயே கற்றிருப்பீர்கள். மூன்று என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு பெரிய இரும்புப் பாலத்தின் ஒவ்வொரு சட்டமும் எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்று கணக்கிடப் புகுந்தாலோ, சமன்பாடுகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். ஒரு மாநிலத்தின் மின்கம்பிப் பின்னலில் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்று அறிய வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் வரும். இவற்றைக் கணிப்பொறி தீர்த்துவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எப்படித் தீர்க்கிறது? அது தரும் விடையை நம்பலாமா?

முதலில் வேகத்தைப் பார்ப்போம். அணிக்கோவைகளைக் கொண்டு தீர்க்கும் கிராமர் விதி பாடநூல்களில் அழகாக இருக்கும். இருபது சமன்பாடுகளுக்கு அதை அப்படியே விரித்துக் கணக்கிட்டால், நொடிக்கு நூறு கோடிப் பெருக்கல் செய்யும் கணிப்பொறிக்கும் முப்பதாயிரம் ஆண்டுகள் ஆகும்! காஸ் நீக்கல் முறையில், அதாவது முதல் சமன்பாட்டைக் கொண்டு மற்றவற்றிலிருந்து முதல் கணியத்தை நீக்கி, பிறகு இரண்டாவதை நீக்கி, இப்படியே இறங்கிச் செல்லும் முறையில், அதே வேலைக்கு ஏறத்தாழ 5,300 செயல்கள் போதும். பொதுவாக n சமன்பாடுகளுக்கு 2n³/3 செயல்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் காஸ் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் ஆபத்துதான். கீழ்வரும் கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

0.0001x + y = 1
x + y = 2

விடை என்ன? x, y இரண்டுமே கிட்டத்தட்ட 1 என்பது பார்த்த உடனே தெரிகிறது. இப்போது நீங்கள் மூன்று பொருளுறு இலக்கங்களை மட்டுமே நினைவில் வைக்கக்கூடிய ஒரு கணிப்பொறி என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் சமன்பாட்டை 10,000 ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழிக்க வேண்டும். y-இன் கெழு −9,999. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் −10,000. வலப்பக்கம் −9,998, அதுவும் −10,000 ஆகிவிடும். ஆகவே y = 1. இதை முதல் சமன்பாட்டில் இட்டால் 0.0001x = 0, அதாவது x = 0. உண்மை விடை 1. நமக்குக் கிடைத்தது 0. எங்கும் கூட்டலிலோ கழித்தலிலோ நாம் தவறவில்லை. ஆயினும் விடை முழுக்கத் தவறு.

மருந்து மிக எளியது. இரண்டு சமன்பாடுகளையும் இடம் மாற்றி எழுதிக்கொண்டு, x + y = 2 என்பதை முதலாவதாக வைத்து நீக்கிப் பாருங்கள். அதே மூன்று இலக்கத்தில் y = 1, x = 1 என்று சரியாக வந்துவிடும். நீக்கும் கணியத்தின் கெழு எந்தச் சமன்பாட்டில் பெரிதோ, அதை மேலே கொண்டுவர வேண்டும். இதற்குப் பிவட் தேர்வு என்று பெயர். இன்றைய கணிப்பொறிகள் மூன்றுக்குப் பதில் ஏறத்தாழ பதினாறு இலக்கங்கள் வைத்திருக்கின்றன. இலக்கம் கூடியதே தவிர, ஆபத்தின் தன்மை மாறவில்லை.

இத்தகைய நுணுக்கங்களை ஒவ்வொரு பொறியாளரும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துப் புரோகிராம் எழுதுவது நடக்கிற காரியமா? ஒருமுறை, விவரமறிந்தவர்கள் கூடி, நன்றாக எழுதி, சோதித்து வைத்துவிட்டால் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அப்படி எழுதிவைத்த புரோகிராம்களின் தொகுப்பையே நூலகம் என்கிறோம். (‘நிரல்’ என்ற சொல்லைக் கணிப்பொறித் துறையினர் புரோகிராமுக்கு எடுத்துக்கொண்டார்கள். கணிதப் பாடநூலில் அது அணியில் மேலிருந்து கீழாக நிற்கும் வரிசை. இங்கே இரண்டும் வருவதால் நிரலைக் கணிதத்துக்கே விட்டுவிடுகிறேன்.)

அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தை மையமாகக் கொண்டு 1970களில் உருவான லின்பேக் அத்தகைய நூலகம். ஜாக் டொங்காரா, ஜிம் பன்ச், கிளீவ் மோலர், ஸ்டீவர்ட் ஆகிய நால்வர் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார்கள். மூலப் புரோகிராம் வரிக்கு வரி எல்லோருக்கும் கிடைத்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், தம் கணிப்பொறியில் ஓட்டலாம். ‘திறந்த மூலம்’ என்ற பெயர் அன்று வழக்கில் இல்லை, பொருள் இருந்தது. 1985-இல் டொங்காராவும் எரிக் கிராஸும் நெட்லிப் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினர். மின்னஞ்சலில் புரோகிராமின் பெயரை எழுதி அனுப்பினால், மறுமுனையிலுள்ள கணிப்பொறியே அந்தப் புரோகிராமைத் திருப்பி அனுப்பிவிடும். இடையில் மனிதர் யாரும் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

எழுதிய நூலகம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? தெரிந்த விடையோடு ஒப்பிட்டால் போயிற்று என்று தோன்றும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. x + y = 2, x + 1.001y = 2.001 என்பதன் விடை x = 1, y = 1. இரண்டாவதன் வலப்பக்கத்தை 2.002 என்று மாற்றுங்கள். விடை x = 0, y = 2 என்று தாவிவிடுகிறது! ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்துக்கு இவ்வளவு ஆட்டம். இது சமன்பாடுகளின் குணம்; அவற்றைத் தீர்த்த புரோகிராமைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டு நேர்கோடுகள் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடினால், அவை வெட்டும் புள்ளியைத் துல்லியமாகக் காட்ட யாராலும் முடியாது அல்லவா?

அப்படியானால் புரோகிராமின் குற்றத்தையும் கணக்கின் குற்றத்தையும் பிரித்தறிவது எப்படி? இதற்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வில்கின்சன். 1946 வாக்கில் அவரும் ஆலன் டூரிங் உள்ளிட்ட வேறு மூவரும் மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு 18 சமன்பாடுகளைத் தீர்த்தார்கள். இடையில் இலக்கங்கள் பல அழிந்துபோவதைக் கண்டு விடை மோசமாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள். கிடைத்த விடையை மூலச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தபோது, இருபக்கமும் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தின. வில்கின்சன் பின்னாளில் இதற்கு விளக்கம் கண்டார்: நல்ல முறை என்பது, கொடுத்த கணக்குக்கு மிக அருகிலுள்ள ஒரு கணக்குக்காவது சரியான விடையைத் தருவது. ஆகவே ‘உண்மை விடை’யைத் தேடி அலையாமல், விடையைத் திருப்பி இட்டால் மிஞ்சும் எச்சம் எவ்வளவு சிறிது என்று பார்க்கிறோம். எச்சம் சிறிதாக இருந்தால் புரோகிராம் தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகும் விடை ஆடினால் கணக்கைக் கொடுத்தவர்தான் யோசிக்க வேண்டும்.

இனி வேகம். 1979-இல் வெளிவந்த லின்பேக் கையேட்டின் பின்னிணைப்பில் ஒரு சிறிய அட்டவணை இடம்பெற்றது. 100 சமன்பாடுகளைத் தீர்க்க 23 கணிப்பொறிகள் எடுத்துக்கொண்ட நேரம், அவ்வளவுதான். தம் கணக்குக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நூலகத்தைப் பயன்படுத்துவோர் மதிப்பிட உதவட்டும் என்று சேர்த்தது அது. கையேட்டைவிடப் பின்னிணைப்பு புகழ்பெற்றுவிட்டது! கணிப்பொறி விற்பவர்களும் வாங்குபவர்களும் அதையே ‘பெஞ்ச்மார்க்’ ஆகப் பிடித்துக்கொண்டார்கள். பெஞ்ச்மார்க் என்பது நில அளவையாளர் கல்லில் வெட்டும் உயரக் குறி. அதிலிருந்துதான் மற்ற இடங்களின் உயரத்தை அளப்பார்கள்.

அந்த அட்டவணையில் முதலிடம் பெற்றது கிரே-1. எடுத்துக்கொண்ட நேரம் 0.049 நொடி. 100 சமன்பாடுகளுக்கு ஏறத்தாழ 6,87,000 செயல்கள். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 1 கோடியே 40 இலட்சம் வருகிறது. ஆனால் கிரே-1 உச்ச வேகத்தில் நொடிக்கு 16 கோடிச் செயல்கள் செய்ய வல்லது. பத்தில் ஒரு பங்கு வேகம்கூட வெளிப்படவில்லையே, ஏன்?

ஒருவர் அம்மியில் மசாலா அரைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை படு வேகம். ஆனால் ஒரு மிளகாய் அரைத்ததும் எழுந்து கடைக்குப் போய் அடுத்த மிளகாயை வாங்கி வருகிறார். அரைக்கும் வேகம் எவ்வளவு இருந்து என்ன பயன்? லின்பேக்கின் உள்ளே நடந்த வேலை பெரும்பாலும், ஒரு நிரலை ஓர் எண்ணால் பெருக்கி இன்னொரு நிரலோடு கூட்டுவது. ஒரு பெருக்கலுக்கும் ஒரு கூட்டலுக்கும் நினைவகத்திலிருந்து இரண்டு எண்களைக் கொண்டுவந்து, ஓர் எண்ணைத் திருப்பி வைக்க வேண்டும். நேரமெல்லாம் போக்குவரத்திலேயே கழிந்துவிடுகிறது.

இரண்டு அணிகளைப் பெருக்கும் வேலையோ வேறு மாதிரி. 1,000 வரிசை அணிகளானால் 200 கோடிச் செயல்கள். தொடர்புடைய எண்கள் விடையையும் சேர்த்து 30 இலட்சம்தான். ஒருமுறை கொண்டுவந்த எண்ணை நூற்றுக்கணக்கான முறை பயன்படுத்த இடமுண்டு. எனவே அணியைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, கணிப்பொறியின் மையச் சில்லுக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்னும் சிறிய வேக நினைவகத்தில் ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு கூடை மிளகாயை அம்மியருகே கொண்டுவந்து வைத்துக்கொள்கிற மாதிரிதான். இந்த எண்ணத்தின்படி, அணிப்பெருக்கல் போன்ற அடிப்படை வேலைகளுக்குப் பிளாஸ் என்ற பொது விதிமுறை மூன்று மட்டங்களில் வகுக்கப்பட்டது. முதல் மட்டம் 1979-இலும், இரண்டாவது 1988-இலும், மூன்றாவது 1990-இலும் அச்சாயின. அவற்றின்மேல் காஸ் நீக்கலையே கட்டம் கட்டமாகச் செய்யும் லாபேக் நூலகம் 1992-இல் வந்தது. மேல்மாடி எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொது; அடித்தளமாகிய பிளாஸை மட்டும் அந்தந்தச் சில்லுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அந்த அடித்தளத்தைச் செதுக்கியவர்களுள் ஜப்பானின் கஜுஷிகே கோட்டோவைச் சொல்லாமல் விட முடியாது. காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரிந்தவர். சில்லின் கட்டளைகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தி எழுதி, நிறுவனங்களின் சொந்த நூலகங்களையே முந்தினார். அவருடைய கடைசிப் பதிப்பு திறந்த மூலமாக வெளிவந்தது. 2011-இல் சீனாவில் அதை எடுத்துத் தொடர்ந்து வளர்க்கத் தொடங்கினார்கள். அதுவே ஓப்பன்பிளாஸ். இன்று பைத்தான் மொழியில் நம்பை நூலகத்தைக் கொண்டு நீங்கள் இரண்டு அணிகளைப் பெருக்கினால், பெரும்பாலும் உள்ளே உழைப்பது இதுதான்.

வேகத்தை அளப்பதிலும் ஏமாற வழிகள் நிறைய. புரோகிராமை ஒருமுறை ஓட்டி நேரம் பார்த்தால் போதாது. முதல் ஓட்டத்தில் எண்கள் கேஷுக்கு வந்து சேரும் நேரமும் கலந்திருக்கும். பின்னணியில் வேறு வேலை ஓடலாம். சில்லு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளலாம். விடையை எங்கும் பயன்படுத்தாவிட்டால், மொழிபெயர்க்கும் கம்பைலர் ‘இது வீண் வேலை’ என்று கணக்கையே நீக்கிவிடுவதும் உண்டு. அப்போது வேகம் நம்ப முடியாததாக இருக்கும்! 1,024 போன்ற இரண்டின் அடுக்கு அளவுகளில் கேஷில் எண்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதால் 1,000-ஐவிட நேரம் மிகையாவதும் உண்டு. ஆகவே பல அளவுகளில், பல முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். எட்டுக் கருக்களில் ஓடும் நூலகத்தை ஒரே கருவில் ஓடுவதோடு ஒப்பிட்டு வெற்றி கொண்டாடுவதும் நியாயமாகாது.

பலர் சேர்ந்து வேலை செய்யும்போது இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூன்று இலக்கக் கணிப்பொறியில் 1,000-உடன் 4-ஐ மூன்று முறை கூட்டினால் 1,000-மே நிற்கும். மூன்று நான்குகளை முதலில் கூட்டி 12 ஆக்கிப் பிறகு சேர்த்தால் 1,010 வரும். பல கருக்கள் வேலையைப் பங்கிட்டால் கூட்டும் வரிசை மாறும். கடைசி இலக்கங்களும் மாறும். இரண்டு நூலகங்களின் விடை கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும் என்று சோதனை எழுதுகிறவர் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

அளவுகோல் புகழ்பெற்றால் அதற்காகவே தயார் செய்வதும் தொடங்கிவிடும். ஸ்பெக் என்ற அமைப்பின் 1989-ஆம் ஆண்டுச் சோதனைத் தொகுப்பில் அணிப்பெருக்கல் சோதனை ஒன்று இருந்தது. கம்பைலர்கள் அதைத் தாமே கட்டங்களாக வெட்டிப் பன்மடங்கு வேகம் காட்டத் தொடங்கவே, 1992-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது நீக்கப்பட்டது. கணிப்பொறிகளின் உண்மையான வேகம் ஒரே இரவில் அவ்வளவு உயர்ந்துவிடவில்லை.

லின்பேக் அளவுகோலும் மாறிக்கொண்டே வந்தது. 100 சமன்பாடுகள் 1,000 ஆயின; பிறகு கணிப்பொறியின் நினைவகம் கொள்ளும் அளவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை உலகின் 500 வேகக் கணிப்பொறிகளின் பட்டியல் இதை வைத்தே வெளியாகிறது. எச்சத்தைக் கணிப்பொறியின் துல்லியத்துக்கும் அணியின் அளவுக்கும் தக்கபடி வகுத்து, அது 16-க்குக் கீழே இருந்தால்தான் ஓட்டம் செல்லும். எவ்வளவு வேகமானாலும் விடை தவறினால் கணக்கில் சேராது. நவம்பர் 2024 பட்டியலில் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் நொடிக்கு 1,742 பீட்டா செயல்களுடன் முதலிடம் பெற்றது. ஒரு பீட்டா என்பது கோடியைப் பத்துக் கோடியால் பெருக்கிய எண்.

ஆனால் பொறியியலில் வரும் பெரிய அணிகள் பலவற்றில் பெரும்பாலான இடங்கள் சுழியாகவே இருக்கும். பாலத்தின் ஒரு மூட்டு தன் அருகிலுள்ள மூட்டுகளோடு மட்டுமே தொடர்புடையது அல்லவா? அங்கே ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு பலமுறை பயன்படுத்தும் தந்திரம் பலிக்காது. மறுபடியும் கடைக்கு ஓட வேண்டியதுதான். இதை உணர்ந்து டொங்காராவே, மைக்கேல் ஹெரூவுடன் சேர்ந்து, 2013-இல் அத்தகைய அணிகளுக்கென்று வேறோர் அளவுகோலை முன்வைத்தார். அதே எல் கேப்பிட்டன் இந்தச் சோதனையில் 2025-இல் காட்டிய வேகம் 17.4 பீட்டா. முன்னதில் நூற்றில் ஒரு பங்கு!