ரேடியோ நெல்லும் நடவுப் பாட்டும்

1960-களின் நடுவில் தஞ்சைச் சீமையெங்கும் பரவிய ஏடிடி 27 என்னும் நெல்லுக்கு நம் குடியானவர்கள் சூட்டிய பெயர் 'ரேடியோ நெல்' என்பது. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் ஜப்பானிய இனத்தையும் நம் நாட்டு இனத்தையும் கலந்து உண்டாக்கிய அந்த விதையின் குணாதிசயங்களைத் திருச்சி வானொலி நிலையம் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்ல, அதைக் கேட்டு நம்பி விதைத்தவர்கள் வைத்த பெயர் அது. நிலையத்திலிருந்து வயலுக்கு விதை வந்த கதை இவ்வளவு பிரசித்தமாயிருக்க, வயலிலிருந்து நிலையத்துக்குப் பாட்டுப் போன கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நடவுப் பாட்டு பிறர் கேட்பதற்கென்று பிறந்ததன்று. கணுக்கால் புதையும் சேற்றில் வரிசையாகக் குனிந்து, இடக்கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து ஊன்றியபடியே பின்னோக்கி நகரும் பெண்களில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகையில், அங்கே தாளத்தை நிர்ணயிப்பது தவிலன்று, நாற்றை ஊன்றும் கைதான். வரப்பு வந்தால் பாட்டு நிற்கும். வராவிட்டால் அடிகள் வளரும். மழையும் மாமியாரும் பண்ணையாரும் அதற்குள் வந்து சேர்வார்கள். அதை நாலு நிமிஷத்துக்குள் அடக்கி ஒலிபரப்பும்போது மெட்டு மிஞ்சும். வயலின் நீளம் மிஞ்சாது.

1939-ல் தோன்றிய திருச்சி நிலையம் கிராமியப் பாடல்களுக்கு இடம் தந்ததுண்டு; ஆயினும் வானொலியில் பிரதான பீடம் கர்நாடக சங்கீதத்துக்கே இருந்தது. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர் சினிமாப் பாட்டையே ஒதுக்கப் புகுந்தபோது, ஜனங்கள் இலங்கை வானொலியின் பக்கம் காதைத் திருப்பிவிட்டார்கள். 1957-ல் சினிமாப் பாட்டுக்கு இடம் தரும் விவித பாரதி அகில இந்திய வானொலியில் பிறந்ததற்கு அதுவே காரணம். அது முதல் பட்டணத்து வானொலிக்குள் நுழையச் சினிமாவே வாசலாயிற்று. 1976-ல் வந்த 'அன்னக்கிளி'யில் இளையராஜா பாமர மெட்டுகளை வாத்திய கோஷ்டியோடு இணைத்த பிறகு, வயற்காட்டு வாசனை நகரத்து வீடுகளில் சகஜமாகப் புழங்கலாயிற்று. வேதாரண்யத்தை அடுத்த புஷ்பவனத்தில் பிறந்த குப்புசாமி மேடை வழியாகவும் கேசட் வழியாகவும் கிராமியப் பாட்டைப் பரப்பினார். சிவகங்கைச் சீமையின் சின்னப்பொண்ணுவோ பல்லாண்டுகள் மேடைகளில் பாடியிருந்தும், 2008-ல் 'நாக்க முக்க' என்ற சினிமாப் பாட்டு வந்த பிறகே பண்பலைகளில் ஓயாமல் ஒலித்தார்.

இன்றைய தனியார் பண்பலைகளில் எந்தப் பாட்டு எந்த மணிக்கு, நாளுக்கு எத்தனை முறை என்பதைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே வகுத்துவிடுகிறார்கள். புதுப் படப் பாட்டும் கேட்டுப் பழகிய பழைய பாட்டும் அதில் மாறி மாறிச் சுழல, படத்தின் பெயரில்லாத பாட்டுக்கு இடம் கிடைப்பது துர்லபம். படம் வேண்டாத குரல்களுக்கும் அந்தச் சுழற்சியில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் கட்சி. பாட்டை ஈன்ற மண்ணின் பெயர் தெரியாமல் மெட்டை மட்டும் அனுபவிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

சென்ற குறுவையில் ஒரு நடவைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றேன். தூக்குவாளியின் பக்கத்தில் வைத்திருந்த செல்போனில் பண்பலை பாடிக்கொண்டிருந்தது. நடுவில் விளம்பரம் குறுக்கிட்டதும், வரிசையின் கோடியிலிருந்த ஒரு மூதாட்டி நிமிராமலே தம்முடைய அடியொன்றை எடுத்தார். மற்றவர்கள் குனிந்தபடியே அதை வாங்கிக்கொண்டார்கள்.